கொடைக்கானல்: ஒரு மலை நகராட்சியின் சாலையும் சாக்கடையும்

கொடைக்கானல் நகராட்சி 1899ஆம் ஆண்டு அமைந்தது. சூரிய ஆய்வுக்கூடம் சென்னையிலிருந்து இந்த மலைக்கு மாறிவந்ததும் அதே ஆண்டுதான். அடுத்து 1901இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ஊரில் இருந்தவர்கள் 1,912 பேர். 2011 கணக்கில் 36,501 பேர். இந்த இரண்டு கணக்குகளுமே சீசன் தொடங்குமுன் எடுக்கப்பட்டவை. ஏப்ரல் நடுவில் தொடங்கி மே முடியும்வரை கீழிருந்து ஏறிவந்து தங்கிப் போகிறவர்கள் அன்றும் கணக்கில் வரவில்லை, இன்றும் வரவில்லை. சாலையும் குடிநீரும் கழிப்பறையும் குப்பை வண்டியும் அவர்களுக்கும் சேர்த்துத் தேவை; வீட்டு வரி கட்டுவதோ ஊரில் குடியிருக்கிறவர்கள். ஒன்றேகால் நூற்றாண்டாகக் கொடைக்கானல் நகராட்சி எதிர்கொண்ட தெருப் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு பொருத்தக்கேட்டிலிருந்து பிறந்தவை.

நகராட்சி வருமுன்பே ஊர் இருந்தது. பழனி மலைகளை 1821இல் லெப்டினன்ட் வார்டு அளந்து வரைபடம் எழுதினார். மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தொடர்ந்து ஆட்களைப் பறிகொடுத்துவந்தார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலில் இரண்டு பங்களாக்களைக் கட்டி எழுப்பினார்கள். மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்துக் கரை போட்டு இன்றைய ஏரியை உண்டாக்கினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இங்கேயே வந்து குடியேறினார். சரிவின் விளிம்பை ஒட்டி 1872இல் லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. ஆக, ஊரின் முதல் பொதுப்பணிகளை எந்த மன்றமும் கூடித் தீர்மானிக்கவில்லை. செல்வாக்குள்ள ஒரு கலெக்டர், ஒரு ராணுவ அதிகாரி, ஒரு மிஷன் என்று தனித்தனி ஆட்களின் விருப்பப்படி அவை நடந்தன. தங்கள் பங்களாக்களுக்கு எந்தப் பாதை தேவையோ அந்தப் பாதைதான் போடப்பட்டது. மேட்டில் பங்களா, பள்ளத்தில் கடைவீதி, அதற்கும் கீழே வேலையாட்களின் குடியிருப்பு என்ற அடுக்கு அப்போதே விழுந்துவிட்டது. தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழே வரும் என்பதால், மேலே கழுவிவிட்டது கீழே வாசலில் வந்து நிற்கும் வழக்கமும் அந்த அடுக்கோடு சேர்ந்தே வந்தது.

ஊருக்கு ஏறிவருவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. 1875இல் ரயில் பாதை வந்தபின் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்குவார்கள். கொடைரோடு என்று இன்று அறியப்படுவது அந்த நிலையம்தான். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் பயணம் செய்து பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கும் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்துசேர வேண்டும். பிறகு செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் செண்பகனூர் வரை ஏற்றம். வசதியுள்ளவர்கள் குதிரையிலும், ஆட்கள் தோளில் சுமக்கும் நாற்காலியிலும் டோலியிலும் ஏறினார்கள். பெட்டி, படுக்கை, அரிசி, கண்ணாடிச் சன்னல், பியானோ என எல்லாமே மனிதத் தலையிலும் தோளிலும்தான் மேலே வந்தன. ஊரின் கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது பங்களா உரிமையாளர்களின் பெயர்கள் கிடைக்கின்றன. அவற்றின் கல்லையும் மரத்தையும் சுமந்தவர்களின் பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

வண்டி போகும் சாலைக்கான முயற்சி 1870களில் தொடங்கியது. மேஜர் லா வகுத்த தடத்தில் வேலை கொஞ்ச தூரம் நடந்து, பணம் இல்லாமல் நின்றது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, முதல் உலகப் போர் நடந்த காலத்தில்தான் மலைச்சாலை முடிந்து, 1916இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் அந்தச் சாலைதான் இன்றும் ஊரின் பிரதான வழி. ஊருக்குள் லாஸ்காட் ரோடு என்று வழங்கும் தெரு மேஜர் லாவின் நினைவைத் தாங்கி நிற்கிறது. ஒற்றையடிப் பாதைகள் எல்லாம் அதோடு மறைந்துவிடவில்லை. வட்டக்கானலுக்குக் கீழே இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்கு அண்மைக்காலம் வரை சாலையே கிடையாது. காய்கறி வாங்கவும் பிரசவத்துக்கும் நடந்தே ஏற வேண்டும். நோயாளியை டோலி கட்டித் தூக்கிவர வேண்டும். ஒரே தாலுகாவுக்குள் ஒரு பக்கம் சீசன் வாகன நெரிசலும் இன்னொரு பக்கம் டோலியும் நூறாண்டுக் காலம் சேர்ந்தே இருந்திருக்கின்றன.

நகராட்சி அமைந்தபோது நடைமுறையில் இருந்தது 1884ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம். சாலை, விளக்கு, துப்புரவு, குடிநீர், மருத்துவமனை, அம்மை குத்துதல் எல்லாம் அந்தச் சட்டத்தின்படி நகர மன்றத்தின் பொறுப்பு. வீடு, நிலம், வண்டி, வாகனம், தொழில் ஆகியவற்றின் மீதான வரிகளும் சுங்கமும் அதன் வருமானம். நீலகிரியில் உதகைக்கும் குன்னூருக்கும் 1866லேயே நகராட்சி வந்துவிட்டது; கொடைக்கானல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பின்தங்கித்தான் வந்தது. 1920இல் புதிய மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களுக்கு அதில் கூடுதல் இடம் கிடைத்தது. நகராட்சிகளின் அன்றாட நிர்வாகத்தை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தாங்கியது அந்தச் சட்டம்தான். 1931இல் சென்னை மாகாணம் மோட்டார் வாகன வரிச் சட்டம் கொண்டுவந்தபோது, உள்ளாட்சிகள் தனித்தனியே வசூலித்துவந்த சாலைச் சுங்கம் நீக்கப்பட்டு, அதற்கு ஈடாக அரசு தொகை வழங்கும் முறை வந்தது. சமவெளி ஊர்களுக்கு இது பெரிய இழப்பில்லை. வெளியூர் வண்டிகளால் வாழ்ந்து, வெளியூர் வண்டிகளால் தேய்கிற ஒரு மலை ஊருக்கு, தேய்மானத்தையும் வருமானத்தையும் இணைத்திருந்த ஒரே கயிறு அந்தச் சுங்கம்.

மலைச்சாலை பழுதாவது எப்படி என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்தால்தான் நகராட்சியின் வேலை புரியும். சமவெளிச் சாலையில் நடு உயர்ந்து இரு ஓரமும் தாழ்ந்திருக்கும். மழைநீர் இருபக்கமும் வடியும். மலையில் சாலை என்பது சரிவில் வெட்டிய ஒரு படி. அதன் உட்பக்கம் மலைச்சுவர், வெளிப்பக்கம் பள்ளம். தண்ணீர் பள்ளத்துப் பக்கம் வழிந்தால் விளிம்பு மண்ணை அரித்துச் சாலையையே கீழே இழுத்துவிடும். அதனால் சாலையை மலைப் பக்கம் சற்றே சாய்த்து, உட்பக்கம் ஒரு வாய்க்கால் வெட்டி, அந்த நீரைக் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு சிறுபாலத்தின் அடியாகச் சாலையைக் கடக்கவைத்து, ஓடைக்குள் இறக்க வேண்டும். சாலைக்கு மேலே உள்ள சரிவிலும் ஒரு வெட்டுவாய்க்கால் இருந்தால் நல்லது. வெளிப்பக்கம் தாங்கி நிற்பது கல் தடுப்புச்சுவர். பழைய சுவர்கள் பல சாந்து இல்லாமல் கல்லின் மேல் கல்லாக அடுக்கிக் கட்டியவை. பார்வைக்கு எளிமையானவை, ஆனால் கல்லிடுக்கு வழியே நீர் கசிந்து வெளியேறிவிடும். அவை இடிந்த இடத்தில் சிமெண்ட் பூசிக் கட்டும்போது நீர் கசியத் துளைக் குழாய்கள் வைக்க வேண்டும். வைக்காவிட்டாலோ, வைத்தும் மண்ணடைத்துப் போனாலோ, சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி மண் கனத்து, ஒரு மழையில் சுவர் வயிறு தள்ளி, அடுத்த மழையில் சாய்ந்துவிடும்.

சாலையில் தெரியும் குழி கடைசி அறிகுறி மட்டுமே. உட்பக்க வாய்க்காலில் யாரோ கடைக்குப் படி கட்டியிருப்பார்கள். அல்லது வீட்டுக்கு வண்டி ஏற்ற வாய்க்காலை மூடிச் சரிவு போட்டிருப்பார்கள். அல்லது சிறுபாலத்தின் வாயில் பிளாஸ்டிக் பையும் யூகலிப்டஸ் இலையும் அடைத்திருக்கும். வாய்க்காலில் போக வேண்டிய நீர் தார் மேல் ஏறும். தாருக்கும் ஜல்லிக்கும் இடையே புகும். அடுத்த பேருந்து அந்த இடத்தில் பிரேக் போடும்போது ஜல்லி பெயரும். குழிக்கு ஒட்டுப் போட்டு, அடைப்பை எடுக்காமல் விட்டால், அடுத்த மழையில் குழி அதே இடத்தில் திறக்கும். கொடைக்கானலில் ஆண்டுக்குச் சராசரியாக 165 சென்டிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவத்தில் அதில் பெரும்பங்கு கொட்டித் தீர்க்கும். எனவே இந்த ஊரில் சாலைப் பணியாளரின் முதல் கருவி தார்ச்சட்டி அல்ல, மண்வெட்டி. பருவமழைக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரும் பணி முறையாக நடந்த ஆண்டில் சாலை பிழைத்துக்கொள்ளும். படம் எடுத்துப் போட முடியாத, திறப்பு விழா வைக்க முடியாத அந்த வேலைக்கு எவ்வளவு ஆள், எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது என்பதை வைத்து ஒரு மலை நகராட்சியின் தரத்தை எடைபோடலாம்.

வேலைக்கான காலமும் மிகக் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை சீசன். பிரயண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி, கோடை விழா என்று தெருவெல்லாம் வாகனம். அப்போது ஒரு தெருவைத் தோண்டிப் போட முடியாது. ஜூனுக்குப் பின் சாரலும் மூடுபனியும் விட்டுவிட்டு வரும். தெளிந்த வானமும் காய்ந்த மண்ணும் உறுதியாகக் கிடைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அரசின் நிதியாண்டு முடிவதும் மார்ச்சில். ஓராண்டு வேலையையும் அந்த மூன்று மாதத்துக்குள் அடைக்க வேண்டியிருப்பதால், ஒப்பந்ததாரர் கிடைப்பதும் கடினம், அவசரத்தில் தரம் காப்பதும் கடினம். சூடான தார்க்கலவை 150 டிகிரிக்கு மேல் கலக்கப்படுவது. கீழிருந்து வளைவு வளைவாக லாரியில் ஏறிவரும்போது அதன் சூடு இறங்கிக்கொண்டே வரும். குளிர்ந்த கலவை சரியாகக் கெட்டிப்படாது. மணலும் சிமெண்டும் கம்பியும் அதே வழியாகவே வர வேண்டும். பொக்லைன் இயந்திரத்துக்கும் பாறை வெடிப்புக்கும் மலையில் கட்டுப்பாடு உண்டு. மண்சரிவைத் தடுக்க வேண்டிய, அவசியமான கட்டுப்பாடு அது. ஆனால் அதனால் ஒரு தடுப்புச்சுவருக்கு அஸ்திவாரம் எடுக்க ஒன்று ஆள் வைத்துத் தோண்ட வேண்டும், இல்லையென்றால் இயந்திரத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். சமவெளியில் போடும் சாலையை விட மலையில் போடும் சாலை அதிகச் செலவு பிடிப்பதற்கு இவையெல்லாம் காரணம்.

பழுதான சாலை யாருடையது என்ற கேள்வியும் எழும். வத்தலக்குண்டு மலைச்சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஊருக்குள் வந்தபின்னும் முக்கியச் சாலைகள் சில அந்தத் துறையிடமே இருக்கின்றன. சோலைகளுக்கும் குணா குகைப் பக்கத்துக்கும் வனத்துறை. கிளைத் தெருக்களும் சந்துகளும் நகராட்சிக்கு. பெருமாள்மலை நகராட்சி எல்லைக்கு வெளியே. வில்பட்டி ஊராட்சி நகரத்தைத் தொட்டுக்கொண்டே விரிகிறது. எந்த இடத்தில் நகராட்சி முடிந்து ஊராட்சி தொடங்குகிறது என்று நடந்துபோகிறவருக்குத் தெரியாது. சாலையைக் காட்டுமாடு மறித்து நின்றால் நகராட்சிக்காரர் வனத்துறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மின்கம்பம் சாய்ந்தால் மின்வாரியம், மரம் சாய்ந்தால் அது நிற்கும் நிலத்தைப் பொறுத்து வருவாய்த் துறையோ வனத்துறையோ. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து மலைச்சாலைகள் அடைபட்டன, மின்சாரம் போனது. அத்தனை துறைகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்க வேண்டிய நிலை அப்போது வந்தது. சாதாரண நாளில் அப்படி நிற்பதில்லை.

நகராட்சியின் சொந்தத் தெருவிலேயே ஒரு வேலை முடிவதற்குப் பல படிகள் உண்டு. ஆனந்தகிரியிலோ நாயுடுபுரத்திலோ ஒரு சிறுபாலம் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். வார்டு மக்கள் கவுன்சிலரிடம் சொல்வார்கள், அல்லது ஆணையர் பெயருக்கு மனு எழுதிக் கொடுப்பார்கள். பொறியியல் பிரிவிலிருந்து ஆள் வந்து நாடா பிடித்து அளப்பார். எஸ்டிமேட் தயாராகும். தொகை ஒரு வரம்புக்கு மேல் போனால் மேலதிகாரியின் தொழில்நுட்ப ஒப்புதல் வேண்டும். அஜெண்டாவில் பொருளாக வைத்து மன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். வேலை நடக்கும்போது அளவுகளை அளவுப் புத்தகத்தில் பதிய வேண்டும். அந்தப் பதிவை வைத்தே பில். அதன் பின் உள்ளாட்சி நிதித் தணிக்கை. ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு, பொதுப்பணத்துக்கு இந்தக் காவல் தேவைதான். ஆனால் ஜூலையில் உட்கார்ந்த சிறுபாலத்துக்கு இந்தப் படிகள் முடிவதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். இடிந்து உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் உடனே வேலையைச் செய்யச் சொல்லிவிட்டு, பின்னால் மன்றத்தின் ஒப்புதல் பெறும் வழியும் 1920 சட்டத்திலேயே இருந்தது. ஆபத்து வந்தபின் உடனே செய்ய முடிகிறது. ஆபத்து வருமுன் செய்யத்தான் மாதக்கணக்காகிறது.

கொடைக்கானல் மன்றத்தில் 24 வார்டுகள். மூஞ்சிக்கல் கடைவீதிக்கும் ஏரிக்கரை விடுதிகளுக்கும் அப்சர்வேட்டரி மேட்டுக்கும் தேவைகள் வேறு வேறு. தெருவிளக்கும் சந்துப் படிக்கட்டும் குடிநீர்க் குழாயும்தான் வார்டு உறுப்பினரிடம் மக்கள் கேட்பவை. சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் குடியிருப்புகளில் தெரு என்பது பெரும்பாலும் கல் படிக்கட்டுதான். குப்பை வண்டி அங்கே ஏறாது, ஆம்புலன்ஸ் ஏறாது. துப்புரவுப் பணியாளர் குப்பையைச் சுமந்தே கீழே கொண்டுவர வேண்டும். வரைபடத்தில் அளக்கப்படும் சாலை நீளத்தில் இந்தப் படிகள் பெரும்பாலும் கவனத்துக்கு வருவதில்லை.

தண்ணீர் வரும் வழியும் போகும் வழியும் இந்த ஊரில் தனிக் கதை. குடிநீர் ஏரியிலிருந்து வருவதில்லை. அப்சர்வேட்டரி அருகிலுள்ள நீர்த்தேக்கமும் மனோரத்தினம் சோலை அணையும் பின்னாளில் வந்த குண்டாறு திட்டமும் ஊருக்குக் குடிநீர் தருகின்றன. இவை எல்லாம் சோலையும் புல்வெளியும் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல விடுவதை நம்பி இருக்கின்றன. விறகுக்காகவும் ஆலைகளுக்காகவும் புல்வெளிகளில் வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்களை நட்டது ஒரு காலத்து அரசுக் கொள்கை. ஊற்றுகள் வற்றத் தொடங்கியபின்தான் அதன் விலை தெரிந்தது. மழைமிகுந்த மலையில் கோடையில் பல நாட்களுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஆண்டுகள் இருந்திருக்கின்றன. தண்ணீர் குறையும் மாதமும் ஆள் கூடும் மாதமும் ஒன்றாகவே அமைந்தது இந்த ஊரின் துரதிர்ஷ்டம்.

போகும் நீர் ஏரிக்குப் போகிறது. லெவிஞ்ச் கட்டிய ஏரி பள்ளத்தாக்கின் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. சுற்றியுள்ள மேடுகளின் மழைநீர் முழுதும் அதில்தான் இறங்க வேண்டும். பங்களாக்கள் சில இருந்தவரை அது மழைநீராகவே இருந்தது. விடுதிகள் பெருகியபின், கழிவுநீர்த் தொட்டிகளின் கசிவும் சமையலறைக் கழிவும் அதே மழைநீர் வாய்க்காலில் சேர்ந்தன. பாறைச் சரிவில் தொட்டி தோண்டினால் நீரை உறிஞ்ச ஆழமான மண் கிடைப்பதில்லை. நிரம்பியது வழியும், வழிந்தது வாய்க்காலைத் தேடும். ஏரியில் நீர்த்தாவரம் மண்டுவதும், நகராட்சி அதை வாருவதும், மறுபடி மண்டுவதும் வழக்கமாகிவிட்டன. ஏரி நிரம்பி வழியும் நீர் செண்பகனூர் பக்கம் இறங்கி வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. ஊருக்குள் நுழைகிற ஒவ்வொரு வாகனமும் நின்று படமெடுக்கும் அருவி அது. மேலே தெருச் சாக்கடையைப் பிரித்துத் திருப்பாதவரை, அருவியைச் சுத்தப்படுத்த அருவியின் அடியில் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

குப்பைக்கு நகராட்சி தேர்ந்த இடம் பிரகாசபுரம். மலையில் சமதளம் கிடைப்பது அரிது. கிடைத்த இடமோ டைகர் சோலையின் விளிம்பு. ஆண்டுக்கணக்காகக் கொட்டிய குப்பை மேடாகி, சரிவு வழியே சோலைக்குள் இறங்கியது. உணவுக் கழிவின் மணத்துக்குக் காட்டுமாடும் குரங்கும் பன்றியும் ஊருக்குள் வரப் பழகின. ஆபத்தான கழிவைக் கண்டுபிடிக்கச் சின்ன நகராட்சியிடம் கருவியும் இல்லை, ஆளும் இல்லை என்பதை 2001ஆம் ஆண்டு வெளிப்படையாகக் காட்டியது. 1983 முதல் இயங்கிவந்த வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதைக் கண்டறிந்து ஊருக்குச் சொன்னவர்கள் ஊர் மக்களும் சூழலியல் அமைப்புகளும். அதே ஆண்டு இந்துஸ்தான் லீவர் அந்தத் தொழிற்சாலையை மூடியது. முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட 2016 ஆனது.

கட்டடங்கள் தெருவைப் பாதித்த விதம்தான் இந்த வரலாற்றில் மிகக் கசப்பான பகுதி. 1993இல் கொடைக்கானலுக்கு முழுமைத் திட்டம் வந்தது. அதே ஆண்டு மலைவாசத் தலங்களுக்கான கட்டட விதிகளும் வந்தன. சரிவான நிலத்தில் எவ்வளவு உயரம் கட்டலாம், எத்தனை மாடி, பக்கத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று அவை வரையறுத்தன. அடுத்த ஆண்டே, விதிக்கு மேல் மாடிகள் எழுப்பிய பிளசன்ட் ஸ்டே ஓட்டலுக்கு அரசு விலக்கு அளித்தது. 1985இல் தொடங்கப்பட்ட பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் வழக்குத் தொடுத்தது. உயர் நீதிமன்றம் அரசின் ஆணையை ரத்து செய்தது. வழக்கு 1995இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. இதே விவகாரத்தில் தொடரப்பட்ட குற்ற வழக்கில் 2000 பிப்ரவரியில் முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசியலில் இந்த வழக்கு நினைக்கப்படும் அளவுக்கு, அதன் நகராட்சிப் பக்கம் நினைக்கப்படுவதில்லை. முழுமைத் திட்டம் வந்த ஆண்டிலும், விலக்கு வழங்கப்பட்ட ஆண்டிலும் கொடைக்கானலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர மன்றம் கிடையாது. 1986இல் தேர்தல் நடந்து 1991இல் பதவிக்காலம் முடிந்தபின், தமிழகத்தில் 1996 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஊரின் நிலத்தையும் தெருவையும் ஒரு தலைமுறைக்குத் தீர்மானித்த முடிவுகளை, அந்தத் தெருவில் வாக்குக் கேட்டு வர வேண்டிய தேவை இல்லாதவர்கள் எடுத்தார்கள்.

தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இந்த நிலை இரண்டாம் முறையும் வந்தது. 2016இல் மன்றங்களின் காலம் முடிந்தது; அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடையே தனி அலுவலர் நிர்வாகம். அனுமதியின்றியும் அனுமதியை மீறியும் எழும்பிய விடுதிகளுக்கும் கட்டடங்களுக்கும் உயர் நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்த நடவடிக்கை 2019இல் இந்த இடைவெளியில் நடந்தது. வியாபாரிகள் போராடினார்கள். அவர்களில் பலருடைய வாதத்தில் நியாயமும் இருந்தது: கால் நூற்றாண்டு பழைய முழுமைத் திட்டத்தில் குடியிருப்பு என்று குறித்த இடமெல்லாம் கடைவீதியாக மாறி, அந்த மாற்றத்துக்கு நகராட்சியே வரி வாங்கியிருந்தது. திட்டத்தை உரிய காலத்தில் திருத்தியிருந்தால், எந்தக் கட்டடம் தவறு, எது காலத்தின் தேவை என்று பிரித்துப் பார்த்திருக்கலாம். ஒரு மாடி கூடினால் அதற்கேற்பத் தண்ணீர் லாரியும் கழிவுநீரும் நிறுத்துமிடமும் கூடும். அந்தச் சுமை முழுதும் போய் விழுவது, குதிரைக்கும் நாற்காலிக்கும் வெட்டிய அதே அகலத் தெருவின் மேல்.

வெளியூர் வாகனத்திடம் கட்டணம் வாங்கும் முறை வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நகராட்சியின் சுங்கச்சாவடி நிற்கிறது. 2024 முதல், ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர், குளிர்பானப் பாட்டில் கொண்டுவந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அதே ஆண்டு மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. நவம்பரில், 12 மீட்டருக்கு மேல் நீளமுள்ள பேருந்துகள் மலையேறத் தடை வந்தது. கொண்டை ஊசி வளைவில் அவை திரும்ப முடியாமல் நின்றால் இருபக்கமும் மணிக்கணக்கில் வரிசை நிற்கும். 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை, கொடைக்கானலுக்கு வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வாகனங்களும் வார இறுதியில் 6,000 வாகனங்களும் மட்டுமே அனுமதி என்று நீதிமன்றம் வரம்பு விதித்தது. உள்ளூர் வாகனங்களுக்கும் அத்தியாவசியப் பொருள் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை. மலை எவ்வளவு தாங்கும் என்று ஆய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் தரப்பட்டது. விடுதி நடத்துகிறவர்களும் டாக்சி ஓட்டுகிறவர்களும் வரம்பை எதிர்த்தார்கள். தண்ணீருக்கும் நெரிசலுக்கும் சலித்திருந்த குடியிருப்புவாசிகள் பலர் வரவேற்றார்கள்.

இ-பாஸ் பதிவுகளால் ஒரு காரியம் நடந்திருக்கிறது. எந்த நாளில் எத்தனை வாகனம், எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள் என்ற கணக்கு, 1901இலும் 2011இலும் மக்கள்தொகைக் கணக்கில் விழாத அந்தக் கணக்கு, இப்போது எழுத்தில் இருக்கிறது. நகராட்சிக்கு வரும் அரசு மானியம் இன்னும் குடியிருக்கும் மக்கள்தொகையைப் பெரிதும் ஒட்டியே பகிரப்படுகிறது. வருகிறவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்துச் சிறுபாலத்துக்கும் வாய்க்காலுக்கும் படிக்கட்டுக்கும் பணம் ஒதுக்கச் சொல்லிக் கேட்க, நகர மன்றத்தின் கையில் இப்போது ஆதாரம் உண்டு.